ஐலசா... தண்டவாளத்தை நகர்த்திய பாட்டு தெரியுமா?

சென்னை: பழைய ரயில் இன்ஜினைப் பார்க்கணும்னா பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் உள்ள ரயில் மியூசியத்துக்குப் போகலாம். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடமும் இன்னும் நிற்கிறது. ஆனால் தண்டவாளம் போட்ட கேங்மேன்கள் பாடிய பாட்டை எங்கே போய்ப் பார்ப்பது? அது பாடினவங்க ஞாபகத்தில்தான் இருக்கு.

பாட்டு எதற்கு?

கேங்மேன்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் பாடவில்லை. கை, கால் தப்பிக்கவும்தான் பாடினார்கள். மீட்டருக்கு 52 கிலோ கனமுள்ள தண்டவாளம், 13 மீட்டர் நீளம் என்றால் மொத்தம் 676 கிலோ! கிரேன் வராத இடத்தில் ஆள் பலத்தால்தான் நகர்த்தணும். எல்லோரும் ஒரே நேரத்தில் கடப்பாரையை நெம்பினால்தான் அது அசையும். ஒருத்தர் முந்தி, இன்னொருத்தர் பிந்தினால் விரல் நசுங்கும்.

அதனால் ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஐலசா' என்பார்கள். அந்தச் சத்தம் வரும்போதுதான் நெம்பணும். அடுத்த அடி வரும்வரை மூச்சு வாங்கிக்கலாம். கனம் கூடினால் பாட்டும் மெதுவாகும். வெயிலைத் திட்டுவது, மேஸ்திரியைக் கிண்டல் பண்ணுவது... நேரில் சொல்ல முடியாததையும் பாட்டில் சொல்லிடலாம்!

குஜிலி புத்தகம்

ரயிலைப் பற்றித் தெருவிலும் பாடினார்கள். கொலை, வெள்ளம், விபத்து எது நடந்தாலும் அதைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து விற்ற காலம் அது. சென்னை குஜிலி கடைத்தெருவில் விற்றதால் 'குஜிலி புத்தகம்' என்று பேர். புதுசாக வந்த ரயிலும் அதில் ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டுதான் பேப்பர்.

தனுஷ்கோடி கதை

பாட்டாக இல்லாமல் கதையாக நிற்பதும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடி அருகே புயல் அலை அடித்துக்கொண்டு போனது. 100 பேருக்கு மேல் பலி. அந்த ஊருக்கு ரயில் திரும்ப ஓடவே இல்லை. இன்றைக்கும் ராமேஸ்வரம் பக்கம் பெரியவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

மிஷின் வந்தாச்சு

இப்போ தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியை இறுக்க டேம்பிங் மிஷின் இருக்கு. கேங்மேன் என்ற பேரும் 'டிராக் மெயின்டெய்னர்' ஆகிடுச்சு. மிஷின் வந்தது நல்லதுதான், தொழிலாளி முதுகு தப்பிச்சுது. ஆனால் சேர்ந்து நெம்புற வேலை குறைந்ததும் பாட்டும் குறைந்துபோச்சு.

உங்க வீட்டிலோ, தெருவிலோ ரிட்டயர்டான கேங்மேன் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்க. எந்த ஊர் லைனில் வேலை பார்த்தார், முதல் அடி யார் எடுப்பார் என்று கேளுங்க. பாடச் சொல்லி செல்போனில் பதிவு பண்ணுங்க. அவரோட பாட்டு அவரோடவே போயிடக் கூடாது!