குக்கிப் பரிமாற்றம் – ஒரு பண்டமாற்று விருந்து

பணம் புழக்கத்திற்கு வந்ததும் பண்டமாற்று மறைந்து போயிற்று என்று முதலாண்டுப் பொருளியல் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய காலம் போய்விட்டது என்பது உண்மைதான். ஆயினும், பணத்திற்குக் குறைவில்லாத நாடாகிய அமெரிக்காவில், ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் வந்துவிட்டால், எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு மாலைப்பொழுதுக்குப் பண்டமாற்று உயிர் பெற்று எழுகிறது. அங்கே நாணயம் இல்லை, விலை இல்லை, தராசும் இல்லை. எண்ணிக்கை ஒன்றே அளவு. ‘குக்கிப் பரிமாற்றம்’ என்று அதற்குப் பெயர். கேட்பதற்குப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டினுள் நாம் தேர்வுக்காக உருப்போடும் கோட்பாடுகள் சில ஒளிந்திருக்கின்றன என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

முதலில் குக்கி என்பது யாது? நம் ஊர்ப் பேக்கரியில் கண்ணாடிச் சாடிக்குள் இருக்கும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு அது உடன்பிறப்பு. மைதா, வெண்ணெய், சர்க்கரை, பெரும்பாலும் முட்டை. இவற்றைப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தட்டில் வைத்து, ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து எடுப்பது. ஆங்கிலேயர் பிஸ்கட் என்று சொல்வதை அமெரிக்கர் குக்கி என்பர். அமெரிக்கர் பிஸ்கட் என்று சொன்னாலோ அது மெத்தென்ற சிறு ரொட்டி. சிறிய கேக் என்று பொருள்படும் ‘கூக்யே’ என்னும் டச்சுச் சொல்லிலிருந்து குக்கி வந்தது. இன்றைய நியூயார்க், 1664ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை டச்சுக்காரர் குடியிருப்பாக இருந்தது. ஆட்சி போன பின்னும் அவர்கள் பலகாரத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்கர் ஒருவர் எழுதி அச்சான முதல் சமையல் நூல் என்று சொல்லப்படுவது, 1796இல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’. அதில் கிறிஸ்துமஸ் குக்கி ஒன்றுக்குச் செய்முறை உண்டு. மூன்று பவுண்டு மாவுக்கு ஒரு தேநீர்க் கோப்பை மல்லித்தூள்! ஆம், நாம் சாம்பாருக்கு அரைக்கும் அதே கொத்தமல்லி விதைதான். மாவு பொங்குவதற்கு, மரச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பைப் பாலில் கரைத்து ஊற்றச் சொல்கிறார் அந்த அம்மையார். முதலில் கெட்டியாக இருந்தாலும், மண்பானையில் போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் பக்குவப்படும் என்ற குறிப்பும் இருக்கிறது. இந்தக் கடைசிக் குறிப்பு நம் பொருளுக்கு முக்கியமானது. கெடாத பண்டம்தான் கைமாறுவதற்கு ஏற்றது. வடையைப் பரிமாறிக்கொள்ள முடியாது, மாலைக்குள் ஊசிப்போய்விடும். நீர்ச்சத்துக் குறைந்து, சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருப்பதால் குக்கி பல நாள் தாங்கும். உருவத்தில் ஒன்றுபோல் இருப்பதால் எண்ணிவிடலாம். உடையாமல் தகர டப்பாவில் அடுக்கித் தூக்கிச் செல்லலாம். நல்ல பணத்திற்குரிய இயல்புகள் என்று பாடநூல் அடுக்கும் நீடித்துழைத்தல், ஒருபடித்தாயிருத்தல், எடுத்துச்செல்ல எளிமை ஆகிய அனைத்தும் பாதியளவேனும் இதற்கு உண்டு.

இனி, பரிமாற்றம் நடக்கும் விதத்தைப் பார்ப்போம். நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் நாள். அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே ஏதேனும் ஒரு மாலையைக் குறித்து, ஒரு வீட்டார் நண்பர்களை அழைக்கிறார்கள். எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வகைக் குக்கி மட்டும் செய்ய வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்னரே அழைத்தவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் எட்டுப் பேரும் சாக்லேட் துண்டு போட்டதையே கொண்டுவந்து நிற்பார்கள். (மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் என்னும் ஊரில் ‘டோல் ஹவுஸ்’ விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, தம் சமையல் நூலின் 1938ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்செய்முறையை வெளியிட்டதிலிருந்து அமெரிக்கருக்கு அதன்மேல் அப்படியொரு மோகம்.) ஆளுக்கு அரை டஜன் என்று பேசிக்கொண்டால், எட்டு ஆறு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டைக் கொண்டுவருபவர், எட்டு வகையிலும் ஆறு ஆறாக எடுத்துக்கொண்டு, அதே நாற்பத்தெட்டோடு வீடு திரும்புகிறார். அங்கேயே தேநீரோடு தின்று பார்ப்பதற்கு எட்டோ பத்தோ கூடுதலாக இருந்தால் நலம்.

பெரிய மேசை ஒன்று, தட்டுகள், தேநீர் அல்லது காப்பி, டப்பா மறந்தவர்க்கு நாலைந்து காலி டப்பா. அழைத்தவர் செய்ய வேண்டியது இவ்வளவே. விருந்து என்றாலே அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு நாள் அடுப்படி என்னும் நிலை எந்த நாட்டிலும் புதிதல்ல. இங்கோ விருந்தளிப்பவரும் விருந்தினரும் சமமாக ஒரே ஒரு கலவை பிசைந்தவர்கள். இந்த ஏற்பாட்டின் உண்மையான சிறப்பு இதுவென்றே நான் கருதுகிறேன்.

எண்ணிக்கையில் பேராசை மட்டும் கூடாது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு டஜன் என்று சிலர் தொடங்கிவிடுவதுண்டு. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு! வீட்டு ஓவனில் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு குக்கிதான் தாராளமாக வைக்கலாம். நாற்பத்தெட்டு என்றால் நான்கு தட்டு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நூற்று நாற்பத்து நான்கு என்றால் பன்னிரண்டு தட்டு. அன்றைய மாலை போயிற்று. சாதாரணமாக ஒரு கலவையில் நாலைந்து டஜன் கிடைக்கும். அந்த அளவைத் தாண்டாமல் அழைப்பதே அறிவுடைமை.

ஒருவர் தம் வீட்டிலேயே எட்டு வகையையும் ஆறு ஆறாகச் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம். எட்டு முறை மாவு பிசைந்து, எட்டுப் பாத்திரம் கழுவி, எட்டு விதச் சாமான் வாங்கிச் செய்யலாம்! ஆடம் ஸ்மித் 1776இல் குண்டூசித் தொழிற்சாலையை எடுத்துக்காட்டி வேலைப்பகுப்பு முறையை விளக்கியது நமக்குத் தெரியும். பத்துப் பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு நாளுக்கு நாற்பத்தெட்டாயிரம் ஊசி செய்தார்கள் என்கிறார். ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறும்போது வீணாகும் நேரம் மிச்சப்படுகிறது என்று அவர் சொன்ன காரணம் ஓவன் முன்னால் நிற்பவர்க்கும் அப்படியே பொருந்தும்.

ரிக்கார்டோவையும் இங்கே காணலாம். எட்டுப் பேரில் ஒருவர் எல்லா வகையையும் மற்றவரினும் நன்றாகச் செய்யக்கூடியவராக இருக்கலாம். அவர் ஏன் சுமாராகச் செய்பவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும்? 1817இல் ரிக்கார்டோ தந்த எடுத்துக்காட்டில் போர்ச்சுகல் நாடு மது, துணி இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் செய்கிறது. ஆயினும் மதுவைச் செய்து துணியை வாங்கிக்கொள்வதே அதற்கு ஆதாயம். அதுபோல, கைதேர்ந்தவர் நுணுக்கமான பழப்பாகு குக்கியில் தம் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, எளிய சர்க்கரைக் குக்கியை அடுத்தவரிடமிருந்து பெற்றுக்கொள்கிறார். சுமாராகச் செய்பவருக்கும் அந்த மேசையில் இடம் உண்டு.

பண்டமாற்றின் பெருங்குறையாக ஜெவான்ஸ் 1875இல் எடுத்துரைத்தது, இருமுகத் தேவைப் பொருத்தமின்மை. என்னிடம் உள்ளது உனக்கு வேண்டும். உன்னிடம் உள்ளது எனக்கு வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் பொருந்த வேண்டும். குக்கி மேசை இந்தத் தொல்லையை மிக எளிதாகக் கடந்துவிடுகிறது. இருவர் இருவராகப் பேரம் பேசுவதில்லை. எல்லோரும் மேசைக்குத் தருகிறார்கள். எல்லோரும் மேசையிலிருந்து எடுக்கிறார்கள். வங்கிகளுக்கு இடையே காசோலைக் கணக்கைத் தீர்க்கும் தீர்வகம் செய்யும் வேலையை அந்த மேசை செய்கிறது.

சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மே மாதம் அமெரிக்காவில் சர்க்கரைப் பங்கீடு வந்தது. 1947 ஜூனில்தான் நீங்கியது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் அரைப் பவுண்டு, அதாவது கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட நாளில் ஒரு வீடு ஒரு கலவைக்குமேல் நினைக்கவும் முடியாது. ஒன்றைச் செய்து பலவற்றைப் பெறும் வழி அப்போது எவ்வளவு அருமையாக இருந்திருக்கும்!

மேசையின் மேல் இருப்பதை உற்றுப் பார்த்தால் அந்நாட்டின் குடியேற்ற வரலாறே கிடைக்கும். ஜெர்மானியர் கொண்டுவந்த இஞ்சி, கிராம்பு மணக்கும் லெப்குக்கன்; இத்தாலியர் இரும்பு அச்சில் வார்க்கும் பிட்செல்லே; நார்வேக்காரர் சுருட்டும் க்ரும்காக்கே; யூதர்களின் ருகெலா; ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பெயர் தாங்கிய பழப்பாகு குக்கி. நியூ மெக்சிகோ மாநிலத்தார் சோம்பு போட்டுச் செய்யும் பிஸ்கொச்சீத்தோவை 1989இல் தங்கள் மாநிலக் குக்கியாகச் சட்டமியற்றியே அறிவித்துவிட்டார்கள். 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய பின் நம்மவர் பலரும் அங்கே குடியேறினர். முட்டை சேராத நெய் பிஸ்கட்டும் அம்மேசைக்கு முற்றிலும் தகுதியுடையதே.

ஆனால் சைவ உணவினர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட முடியாது. மேற்சொன்ன பிஸ்கொச்சீத்தோ மரபாகப் பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது. மெத்தென்ற மார்ஷ்மெல்லோவில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். இதைவிடக் கடுமையான செய்தியும் ஒன்று உண்டு. வேர்க்கடலை, பாதாம் போன்றவை சிலர் உடலுக்கு ஒவ்வாமல் மூச்சுத் திணறல் வரை, சில வேளை உயிரிழப்பு வரை கொண்டுபோகும். கடைப் பண்டங்களில் பால், முட்டை, மீன், ஓட்டுடலி, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்னும் எட்டையும் அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 2004இல் சட்டம் செய்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் எள்ளையும் சேர்த்தது. வீட்டுப் பண்டத்திற்கு உறை ஏது? எனவே ஒவ்வொரு தட்டின் முன்னும் அதில் சேர்ந்தவற்றை எழுதிய சிறு சீட்டு வைப்பது நாகரிகம் மட்டுமன்று, பாதுகாப்பும்கூட. மொறுமொறுப்பானதையும் மெத்தென்றதையும் ஒரே டப்பாவில் போடலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் மொறுமொறுப்பு நமுத்துவிடும். புதினா வாடையுள்ளதைத் தனியே வைக்காவிட்டால் மறுநாள் எட்டு வகையும் புதினாதான்.

சிலர் இதில் மதிப்பெண் போட்டுப் பரிசு தருகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பரிசு என்று வந்ததும் கை பழகாதவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். எண்ணிக்கையால் வந்த சமத்துவம் போய்விடும்.

நம் தீபாவளிப் பலகாரத்தோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஒவ்வொரு வீடும் மற்ற ஏழு வீட்டுக்கும் தட்டு அனுப்பினால், ஐம்பத்தாறு தட்டுகள் தெருவில் நடக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு, அதிரசம், சோமாசி, லட்டு என்று நாலைந்து வகை. முடிவில் எல்லார் வீட்டிலும் எல்லார் வீட்டு முறுக்கும்! உழைப்பைக் கணக்கிட்டால் குக்கி மேசைதான் சிக்கனம், அதில் ஐயமில்லை. நம் விடுதி மாணவர்களோ ஆசிரியர் குடியிருப்பினரோ, வீட்டுக்கு ஒரு வகை என்று பேசி வைத்துக்கொண்டு ஒரு கூடத்தில் கூடிப் பார்க்கலாம்.

ஆயினும் தட்டு செய்யும் ஒரு வேலையை மேசை செய்வதில்லை. கொண்டுவந்தவர்க்கே மேசையில் பங்கு. நம் தெருவிலோ, அந்த ஆண்டு சாவு நேர்ந்த வீட்டில் தீபாவளி கொண்டாடமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் அனுப்பும் பலகாரம்தான் அவ்வீட்டுக் குழந்தைகளுக்குத் தீபாவளி. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் அவர்களையும் கடனாளி ஆக்காமல் காக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய ஆய்வில், கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது மூன்றுமே கடமையாகின்றன என்று காட்டினார். குக்கி மேசை அம்மூன்றையும் ஒரே மாலையில் முடித்து, யாரும் யாருக்கும் கடன்படாமல் அனுப்பிவிடுகிறது. அதனாலேயே, திருப்பித் தர இயலாதவருக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

அமெரிக்கரிலும் இதை உணர்ந்தவர் உண்டு. வந்தவர் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவந்து, சேர்ந்ததைத் தனி டப்பாவில் அடுக்கி, தனித்து வாழும் முதியவர் வீட்டுக்கோ, விடுமுறையிலும் விழித்திருக்கும் தீயணைப்பு நிலையத்திற்கோ கொடுத்துவிட்டு வருவார்கள். எட்டுப் பேருக்கு ஒன்பது பங்கு என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஐம்பத்து நான்கு. நாலரை டஜன், ஒரே கலவைக்குள் அடங்கிவிடும்.