பழைய மிக்ஸி, புது ஜார்

அக்காள்மடத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அம்பாசிடரின் கியர்பாக்ஸ் கழன்று கிடந்த மூன்றாம் நாள், மதினி வாசலுக்கு வந்து நின்றார்.

"ஓடிக்கிட்டிருந்த வண்டிய எதுக்குத் தம்பி இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கீக?"

அவர் கையில் ஒரு மிக்ஸி ஜார். பழைய ஜார் ஓட்டையாகிவிட்டதால் தங்கச்சிமடத்தில் வாங்கிவந்த வேறு கம்பெனி ஜார். மிக்ஸி பழசு, ஜார் புதுசு. உட்கார மாட்டேன் என்கிறது. அழுத்தி உட்காரவைத்தால் கடகடவென்று ஆடுகிறது.

"நீங்க அடுப்படியில பண்றதத்தான் மதினி நான் இங்க பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வண்டியில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் வார்ப்பு. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பல்லாண்டு காலம் செய்தது. இரைச்சல் உண்டு, துரோகம் கிடையாது. அதன் பின்னால் இருந்த நாலு கியர் பெட்டிதான் தொல்லை. அதில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைத் தேடினால் பல்லைக் கடிக்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். 1990களில் அதே கம்பெனி அம்பாசிடருக்குள் ஜப்பானின் இசுசு 1817 சிசி இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து விற்றது. எனக்கு அந்த இன்ஜின் வேண்டாம், பெட்டி மட்டும் போதும். உடைக்கப்போன ஒரு டாக்சியிலிருந்து கிடைத்தது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 1932இல் வந்த ஃபோர்டு வி8 மாதிரிப் பழைய இன்ஜினை விடாமல், அதன் பின்னால் 1980களில் வந்த போர்க்-வார்னர் டி5 போன்ற ஐந்து கியர் பெட்டியைப் பூட்டி ஹாட் ராட் ஓட்டுகிறவர்கள். அவர்கள் பாடு என்னைவிடக் கஷ்டம். 1948 வரை ஃபோர்டு காரில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பெட்டியை மாற்றினால் பின் ஆக்சில் வரை கை வைக்கவேண்டும். அம்பாசிடரில் ஷாஃப்ட் வெளியே தெரிகிற சாதாரண ஷாஃப்ட். நீளத்தைத் திருத்தி, பேலன்ஸ் பார்த்து மாட்டினால் முடிந்தது.

சரி, அடுப்படிக்குப் போவோம். மிக்ஸியின் மேல் ஒரு கப்ளர், ஜாரின் அடியில் ஒரு கப்ளர். பல் எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் ஒன்றை ஒன்று பிடிக்கும். காரில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச் தட்டு. அதன் வெளிவட்டம் இன்ஜினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்தவேண்டும். நடுவிலுள்ள பல் துளையோ புதுப் பெட்டியின் ஷாஃப்டுக்குப் பொருந்தவேண்டும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நிற்கிற பெண் மாதிரி. என் தட்டை அப்படித்தான், வெளிவட்டம் ஒன்றிலும் நடுத்துளை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்த்துச் செய்தோம்.

கிளட்ச் செய்யும் வேலையைப் பார்க்கத் திருகையே போதும். மேல்கல்லைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் அது பாட்டுக்குச் சுற்றும், உளுந்து உடையாது. இறக்கினால் பிடித்துக்கொள்ளும். பெடலை மிதிப்பது கல்லைத் தூக்குவது. காலை எடுப்பது இறக்குவது.

சிங்க்ரோமெஷ் என்பது மோர்க்குழம்பு. கொதிக்கிற குழம்பில் பச்சைத் தயிரை அப்படியே கொட்டினால் திரிந்துபோகும். தயிரைக் கடைந்து, ஒரு கரண்டிச் சூட்டை அதில் கலந்து பதப்படுத்திய பிறகுதான் சேர்ப்போம். பெட்டிக்குள்ளும் பல்லோடு பல் சேருமுன் ஒரு பித்தளை வளையம் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. பழைய பெட்டியின் முதல் கியருக்கு அந்தக் கரண்டிச் சூடு இல்லை; அதனால்தான் அந்தச் சத்தம்.

ஐந்தாவது கியரைச் சொல்ல மத்துதான் சரி. கயிற்றைக் கை ஒரு முழம் இழுத்தால் மத்து பல சுற்று சுற்றிவிடும். முதல் கியரில் இன்ஜின் பல சுற்று ஓடி ஷாஃப்டை ஒரு சுற்று தள்ளுகிறது; ஐந்தாவதில் இன்ஜின் ஒரு சுற்று முடிக்குமுன் ஷாஃப்ட் முடித்துவிடுகிறது. நாலாவதில் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜின், ஐந்தாவதின் விகிதம் 0.85 என்றால், அதே வேகத்தில் 2,550 சுற்றுதான் ஓடும். மதுரைவரை போய்வருகிறவனுக்கு அந்த 450 சுற்றின் அருமை காதில் தெரியும்.

இவ்வளவும் எளிது. தப்பு நடந்தது வேறிடத்தில்.

இன்ஜினின் பின்முகத்திலுள்ள போல்ட் துளைகளும் புதுப் பெட்டியின் துளைகளும் ஒத்துப்போகா. நடுவே ஒரு இரும்புத் தகடு வெட்டி, ஒரு பக்கம் இதன் துளைகள், மறுபக்கம் அதன் துளைகள் போடவேண்டும். முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அட்டையில் அச்செடுத்துத் துளை போட்டுக் கொடுத்தார்கள். எல்லா போல்ட்டும் ஏறியது, எனக்கும் திருப்தி. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுமுன் மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழத் தொடங்கியது. கிளட்சை மிதித்தால் உள்ளே சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி வேப்பமரத்தடி.

பாம்பனில் படகு ஷாஃப்ட் கடைகிற லேத்துக்காரர் ஒருவரை அழைத்துவந்தேன். விசைப்படகில் இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நேர்கோடு பார்த்துப் பழகிய கை. கரையில் நேராக வைத்த ஷாஃப்ட், படகு தண்ணீரில் இறங்கியதும் உடம்பு வளைந்து கோணிவிடும். அதனால் மிதக்கவிட்டுத்தான் கடைசிச் சரிபார்ப்பு என்பார். பெட்டியைத் தொடவே இல்லை. ஃப்ளைவீலில் ஒரு டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்டி, அதன் முனையைத் தகட்டின் நடுத்துளை விளிம்பில் வைத்து, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றச் சொன்னார். முள் போய் வந்தது.

"பதினெட்டு தௌ ஆடுதுண்ணே."

ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. இந்த வேலையில் முள்ளின் மொத்த ஆட்டம் ஐந்துக்குள் அடங்கவேண்டும் என்பார்கள். மையம் விலகியது அந்தப் பதினெட்டில் பாதிதான், ஒன்பது தௌ. ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூட இல்லை. ஆனால் பெட்டியின் ஷாஃப்ட் மூக்கு இன்ஜின் கிராங்கின் குழிக்குள் ஒரு வெண்கலப் புஷ்ஷில் உட்காருகிறது, ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருவதுபோல. குழவி கோணினால் மாவு மட்டும் சரியாக அரைபடாது. இங்கே மூக்கு கோணினால் புஷ் தேயும், முன் பேரிங் தேயும், கியர் கழன்று விழும். என் புஷ் முட்டை வடிவமாகியிருந்தது.

போல்ட் பிடித்துக்கொள்ள மட்டும்தான். இடம் காட்டுவது இரண்டு டவல் பின். பழைய பின் துளைகளை அடைத்து, தகட்டை மயிரிழை மயிரிழையாகத் தட்டி நகர்த்தி, முள் நாலில் நின்றதும் புதுத் துளை போட்டுப் பின் இறக்கினார். தகட்டின் அரை அங்குலக் கனம் மூக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதால், அதற்கேற்ப நீளமாக ஒரு புஷ்ஷும் கடைந்தார். மூக்கு எட்டாவிட்டால் ஆடும்; போய் முட்டினால் கிராங்கையே நெருக்கும். அதனால் பெட்டியைப் பூட்டுமுன் குழியின் ஆழத்தை இரண்டு தடவை அளந்தார்.

அதற்குப் பிறகு சத்தமில்லை. பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கும் நாட்களில் ஐந்தாவது கியர் மூச்சுவாங்கும்; நாலுக்கு இறங்கிவிடுவேன். பழைய இன்ஜினின் தெம்பு அவ்வளவுதான், பெட்டியைக் குறைசொல்ல முடியாது.

அன்று வேலை முடித்துக் கிளம்பும்போது லேத்துக்காரர் திண்ணையில் கிடந்த மிக்ஸி ஜாரை எடுத்துக் கவிழ்த்தார். கப்ளரைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார்.

"பல்லு சரிதான் மதினி, தண்டுதான் கோணல். கடையில குடுத்து வேற ஜார் வாங்கிருங்க."