உங்களுக்குத் தெரியுமா? மன்னார்குடி தந்த மனோரமா

‘ஆச்சி’ மனோரமா 1937-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில் பிறந்தவர், இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட பின் தாய் ராமாமிர்தம் அவரைக் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்கு அழைத்துச் சென்று, வீட்டு வேலை பார்த்து வளர்த்தார். சிறுமியாகவே விட்டுப்போன ஊர் அவரைச் சொந்தம் கொண்டாடலாமா என்று கேட்கலாம். பயிற்சி கிடைத்தது செட்டிநாட்டு நாடக மேடையில் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய உச்சமான வேடம் காவிரிக் கரையின் கலையுலகில் அல்லவா அமைந்தது! சிக்கல் நாதஸ்வரக்காரரும் திருவாரூர் நாட்டியக்காரியும் மோதும் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில், ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரி அவர். அந்த வெகுளிப் பேச்சுக்குச் சிரிக்கிறோம். அவளை ஒருபோதும் இளக்காரமாக நினைப்பதில்லை. ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் பெண்ணின் மானத்தை உள்ளிருந்து அறிந்தவர் நடித்ததால்தான் அது முடிந்தது என்பது என் துணிபு.

ஆயிரம் படங்களைத் தாண்டிய கின்னஸ் சாதனை வெறும் எண்ணிக்கைதானே என்போரும் உண்டு. எண்ணிக்கை மட்டும் தரத்தைச் சொல்லாது, சரி. ஆனால் 1989-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது நகைச்சுவைக்காக அல்ல, ‘புதிய பாதை’யின் குணச்சித்திர வேடத்துக்காக. ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தின் தாயையும் சேர்த்துப் பாருங்கள். சொந்த வாழ்விலும் கணவர் பிரிந்தபின் மகன் பூபதியைத் தனியே வளர்த்தவர் மனோரமா. தம் தாய் பட்ட பாட்டையே தாமும் பட்டவர். ‘சிரிப்பு நடிகை’ என்ற பட்டத்துக்குள் அவரை அடக்குவது நியாயமே இல்லை.