தந்தையாரின் மணிக்கூடு

ஓய்வு பெற்றபின் மணிக்கூடு திருத்தப் பயிலும் ஆசை எனக்கு எழுந்தது. மலிவாக வாங்கிய நான்கு பழைய கைமணிக்கூடுகள் என் கையால் உயிர் துறந்தன. ஐந்தாவது ஓடிற்று. அந்த ஒரு வெற்றி தந்த மமதையில், காலஞ்சென்ற என் தந்தையாரின் மணிக்கூட்டைத் திறந்தேன்.

அதன் சமநிலைச் சில்லு மணிக்கு 18,000 முறை, அதாவது செக்கனுக்கு ஐந்து முறை அசைவது. அதை ஆட்டுவிக்கும் ஆற்றல் முழுவதும் சுருண்டு கிடக்கும் பிரதான வில்லில் அடங்கியுள்ளது. கழற்றுமுன் அவ்வில்லின் முறுக்கை மெல்லத் தளர்த்துதல் வேண்டும். நான் மறந்தேன். மேற்றகட்டைக் கிளப்பியதும் சில்லுகள் 'விர்' எனச் சுழன்றன. ஒன்றின் மயிரிழை போன்ற அச்சுமுனை முறிந்தது. திருகாணியொன்றும் எங்கோ பறந்தது.

நள்ளிரவு வரை தரையைத் தடவினேன். மனைவி ஒன்றும் கேளாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருகாணி என் சட்டை மடிப்பிற் கிடைத்தது. முறிந்த முனைக்கோ மருந்தில்லை.

மறுநாள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் முதிய திருத்துநர் ஒருவரிடம் சென்றேன். கண்ணில் வில்லையைப் பொருத்திப் பார்த்தவர், "ஆர் தம்பி இதைத் திறந்தது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதே இனத்து மணிக்கூடு வேறு இருந்தால் கொண்டு வாரும்" என்றார்.

நான் கொன்ற நான்கில் ஒன்று அவ்வினத்தது. அதன் சில்லே இன்று தந்தையாரின் மணிக்கூட்டில் ஓடுகிறது. நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. வாசகர்களே, அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும். ஆயினும் இன்னும் துணியவில்லை.