கரிசல் சாலை ஏன் ஓரத்தில் பிளக்கிறது?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துத் தார்ச் சாலைகளில் கோடையில் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடும். லாரிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அதன் மெல்லிய ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும், வற்றினால் சுருங்கும்.

அப்படியானால் சாலை முழுவதும் சமமாக இறங்க வேண்டாமா? தார் மூடிய நடுப்பகுதியில் ஈரம் தங்கிவிடுகிறது. திறந்து கிடக்கும் ஓரம்தான் காய்கிறது. அங்கே மரமும் நின்றால் வேர்கள் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஓரம் இறங்க, நடு நிற்க, இடையில் சாலை கிழிகிறது. வெடிப்பில் தாரை ஊற்றினால் மழைநீர் உள்ளே போகாது; அவ்வளவுதான்.

மண்ணைத் தோண்டி, சுண்ணாம்பு கலந்து இறுக்குவது நல்ல வைத்தியம். ஆனால் போக்குவரத்தை நிறுத்தவோ திருப்பிவிடவோ வேண்டும். தோண்டாமல் செய்ய, சிறு துளைகள் வழியே பாலியூரிதேன் பிசினைச் செலுத்தலாம். அது நுரைத்து விரிந்து, இறங்கிய பகுதியை மேலே தூக்கும். நிமிடங்களில் இறுகிவிடுவதால் அன்றே வண்டி விடலாம். விலைதான் அதிகம்.

பிசின் களிமண்ணின் குணத்தை மாற்றாது. அடுத்த கோடையில் ஓரம் மறுபடி காயும். அமெரிக்காவின் சான் ஆன்டோனியோவில் சாலையோரமாகச் சுமார் 8 அடி ஆழத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பைச் செங்குத்தாக இறக்கி, ஈரம் ஏறி இறங்குவதைத் தடுத்தார்கள். அந்த வேலைக்குச் சாலையின் நடுவைத் தொடவே வேண்டாம்.