காவேரிக் கரையில் இரண்டு சமாதிகள்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு, ஒரு தலையாட்டிப் பொம்மையும் வாங்கிக்கொண்டு ரயிலேறி விடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது இன்னும் ஒரு நாள் கூடத் தங்குங்கள். திருவையாறு அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான். வெயில் ஏறுவதற்குள் பஸ் பிடித்துவிட்டால் சாவகாசமாகப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

வழியெல்லாம் பாலங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவேரி. குழந்தைகளை எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஊருக்கு ஐயாறு என்று ஏன் பெயர் வந்தது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்!

முதலில் ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசித்துக்கொள்வோம். பிறகு திருமஞ்சன வீதிக்கு நடப்போம். 1767-ல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர், சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கே வந்துவிட்டார். விளையாடியதும் வளர்ந்ததும் ராமனைப் பாடியதும் இந்தத் தெருவில்தான். அந்தக் காலத்துப் பழைய வீட்டை இப்போது காண முடியாது. அந்த இடத்தில் புதிதாக நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள்.

ஆனாலும் அங்கே நிற்கும்போது பழைய கதைகள் நினைவுக்கு வராமல் போகுமா? காலையில் தம்பூராவும் கையுமாகத் தெருவில் பாடிக்கொண்டு போய், கிடைத்த அரிசியைக் கொண்டு ஜீவனம் நடத்தியவர் அவர். வீட்டிலேயோ சிஷ்யர்கள் கூட்டம். அந்த அரிசியை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்ட அவருடைய மனைவி கமலாம்பாளின் சாமர்த்தியத்தை, குடித்தனம் நடத்தும் நமக்குச் சொல்லியா தெரியவேண்டும்? தஞ்சை அரசவைக்குப் போக மறுத்தாரே என்ற கோபத்தில் தமையனார் பூஜை விக்கிரகங்களைக் காவேரியில் எறிந்துவிட்டார் என்றும், அவை பின்னால் மணலில் கிடைத்தன என்றும் ஒரு வரலாறு வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அந்தக் காவேரியின் கரைக்கே இப்போது போகலாம். 1847 ஜனவரி 6-ஆம் தேதி தியாகராஜர் சித்தியடைந்தார். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று நூற்றுக்கணக்கான வித்வான்களும் விதுஷிகளும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவது அவருடைய சமாதியின் முன்னால்தான். ஆராதனை இல்லாத நாட்களில் இங்கே ஆற்றங்கரை அமைதிதான்.

கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு சமாதி இருக்கிறது. ஓர் அம்மையாரின் சிலை, தியாகராஜர் சந்நிதியைப் பார்த்துக் கைகூப்பியபடி இருக்கிறது. அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தேவதாசி குலத்தில் 1878-ல் பிறந்தவர். சென்னையில் கச்சேரிகள் செய்து பேரும் பொருளும் சம்பாதித்தவர். தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடக்கிறது என்று 1921-ல் அவருடைய குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பா கடிதம் எழுதினார். அம்மாள் துடித்துப்போனார். நிலத்தை வாங்கினார், சேமிப்பைச் செலவிட்டார், நகைகளை விற்றார். ஒரு பெண் நகையை விற்பதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். 1925 ஜனவரியில் கோயில் எழும்பிக் கும்பாபிஷேகமும் நடந்தது.

இனி வருவதுதான் வேடிக்கை, வேதனையும்கூட. அப்போது ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் சண்டை, ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் அங்கே பாடக் கூடாது! கோயிலைக் கட்டிய கைக்கு அங்கே தாளம் போட உரிமையில்லை.

அம்மாள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டி, கோயிலின் பின்புறத்தில் தனி ஆராதனை தொடங்கிவிட்டார். 'பெண்கள் கட்சி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. முன்பக்கம் அவர்கள் பாட்டு, பின்பக்கம் இவர்கள் பாட்டு! இப்படியே பதின்மூன்று வருஷம் போயிற்று. 1940-ல் சமரசம் ஏற்பட்டு, மூன்று கட்சிகளும் ஒன்றாயின.

கடைசிக் காலத்தை அம்மாள் இந்த ஊரிலேயே கழித்தார். தம் சொத்துக்களைத் தர்மத்துக்கு எழுதிவைத்தபோதும் ஒரு நிபந்தனையை மறக்கவில்லை. ஆண்களைப் போலவே பெண்களுக்கும், தேவதாசிகள் உட்பட, இந்தச் சந்நிதியில் வழிபடவும் பாடவும் முழு உரிமை இருக்கவேண்டும் என்பதே அது. 1952 மே 19-ஆம் தேதி காலமானார்.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் சுடச்சுட அசோகா கிடைக்கும். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த இந்த ஊர்ப் பட்சணம். கொஞ்சம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் பெண்ணுக்குப் பாட்டுத் தெரியுமானால், அந்தச் சந்நிதியில் ஒரு கீர்த்தனை பாடச் சொல்லுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள்.