விரதமும் குளிசையும்

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்துவிட்டால், நீரிழிவுக்குக் குளிசை எடுக்கும் பலர் எம்மிடம் சொல்லாமலே விரதம் தொடங்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள் டொக்டர்" என்பார்கள். "95 இடப்பெயர்வில பட்டினியோட நடந்த உடம்பு, ஆறு நாள் தாங்காதோ?" என்று கேட்பவர்களும் உண்டு.

அவர்களைக் குறைசொல்ல எமக்குத் தகுதியில்லை. 1995 ஒக்ரோபரில் மருத்துவபீட மாணவராக நாமும் அதே சனத்தோடு நடந்தவர்கள்தான். இன்று நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர்களும்தான். சில வருடங்களுக்கு முன், காலையில் நோயாளருக்குப் புத்தி சொல்லிவிட்டு, நாலாம் நாள் விரதத்தோடு வழக்கமான குளிசையையும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து காருக்கு வரும்போது உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. கையிலேயே இருந்த திறப்பைத் தேடிக்கொண்டு நின்றோம். துணைவியார் சோதித்தபோது சீனி 2.9. பின் ஆசனத்தில் பிள்ளைகள் ஏறி இருந்தார்கள். காரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்று பசி தாங்கிய உடம்பில் குளிசை இருக்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

கிளிக்ளசைட், இன்சுலின் போன்றவை நீங்கள் சாப்பிடாவிட்டாலும் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். டபாகிளிபுளோசின் (ஃபொர்க்சிகா), எம்பாகிளிபுளோசின் (ஜார்டியன்ஸ்) ஆகியவை சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. இவற்றை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், கொழுப்பு எரிந்து கீற்றோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரலாம். அப்போது மீற்றரில் சீனி சாதாரண அளவையே காட்டக்கூடும். ஆகவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் விரதக் களைப்பு என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவர்கள் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் தலைசுற்றி விழலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து, முக்கியமாக இன்சுலினை.

ரமழான் நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளருக்காகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016 இலும் 2021 இலும் வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வைத்தியரைப் பார்க்கவேண்டும், சீனி 3.9 இற்குக் கீழே இறங்கினாலோ 16.6 இற்கு மேலே ஏறினாலோ நோன்பை முடித்துவிடவேண்டும் என்கிறது அது. எமக்கும் இது பொருந்தும். புரட்டாசி பிறக்கும்போதே குளிசைப் பெட்டிகளோடு உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றினால் பலர் பாதுகாப்பாக விரதம் இருக்கலாம். முதலாம் வகை நீரிழிவு, சிறுநீரக நோய், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிடம் பட்டினி வேண்டாம் என்றே சொல்லுவோம்.

இது விரதத்தைக் குறைத்துப் பேசுவதல்ல. ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒரு பொழுது உண்ணலாம் என்று ஆறுமுக நாவலரே சைவ வினாவிடையில் வழிசொல்லியிருக்கிறார். இயலாமைக்கு எங்கள் பெரியவர்கள் இடம் வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறோம்.

விரத நாட்களில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் பூசை முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது ஆறேழு ஜெலி பீன்ஸ் சாப்பிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். சீனி ஏறியபின் சாப்பிடுங்கள். அன்றைய விரதம் அத்தோடு முடிந்தது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 000 ஐ அழையுங்கள்.

இந்த முறை எங்களிடம் சொல்லிவிட்டு விரதம் தொடங்குங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பமாட்டோம்.